கதிரொளியும் கடல் மாசும்: மட்டி, நண்டு உண்போர் அறிய வேண்டியவை

வெயில் தூய்மை செய்யும் என்பது நம் வீடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. பாயையும் தலையணையையும் வெயிலில் போடுகிறோம். ஊறுகாய்ச் சாடியை வெயிலில் வைக்கிறோம். மீனைக் கருவாடாக வெயிலில் உலர்த்துகிறோம். இந்த நம்பிக்கையில் உண்மை உண்டு. கதிரொளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பல நுண்ணுயிர்களை அழிக்கின்றன. வெப்பம் ஈரத்தை நீக்கிப் பூஞ்சையைத் தடுக்கிறது. ஆனால் இதே நம்பிக்கையைக் கடலில் கலந்த எண்ணெய்க்கும் தாருக்கும் பொருத்திப் பார்த்தால் தவறு நேரும். சில மாசுப் பொருள்கள் இருளில் பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. வெயில் பட்ட பின்னரே அவற்றின் நஞ்சு பன்மடங்காகப் பெருகுகிறது. இதனை அறிவியல் 'ஒளிநச்சுமை' என்று அழைக்கிறது.

தோல் மருத்துவர் ஒருவர் மட்டியையும் நண்டையும் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் எண்ணலாம். காரணம் உண்டு. எண்ணெய் கலந்த கடலில் மட்டியின் இளம் உயிரைக் கொல்லும் வேதிவினையும், சில மாத்திரைகளை உட்கொள்வோர் வெயிலில் நடந்தால் அவர்களது தோலைப் புண்ணாக்கும் வேதிவினையும் அடிப்படையில் ஒன்றே. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றொன்றும் விளங்கும்.

எந்த மாசு?

கச்சா எண்ணெய், கப்பல் எரிபொருள், நிலக்கரித் தார், வாகனப் புகை, எரிந்த விறகின் கரி ஆகிய அனைத்திலும் பொதுவாகக் காணப்படும் ஒரு வேதிக் குடும்பம் உண்டு. அதன் பெயர் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள். பெயர் நீளமாக இருந்தாலும் அமைப்பு எளியது. கார்பன் அணுக்கள் ஆறாறாகக் கைகோத்து நின்ற வளையங்கள், தேன்கூட்டின் அறைகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இரண்டு வளையங்கள் மட்டும் கொண்டது நாப்தலீன். துணிப் பெட்டியில் வைக்கும் அந்துருண்டையாக அதனைப் பலர் அறிவர். மூன்று வளையங்கள் கொண்டது ஆந்த்ரசீன். நான்கு வளையங்கள் கொண்டவை பைரீன், ஃப்ளூராந்தீன் முதலியன. ஐந்து வளையங்கள் கொண்டது பென்சோபைரீன்.

இவற்றுள் நாப்தலீன் ஒளியால் பெரிதும் மாறுவதில்லை. ஆந்த்ரசீன், பைரீன், ஃப்ளூராந்தீன் போன்றவையோ, நிலத்தையும் கடலையும் வந்தடையும் புற ஊதாக் கதிர்களை நன்கு உறிஞ்சும் அமைப்புக் கொண்டவை. இந்த ஒரு பண்பே அவற்றை ஒளிநச்சுப் பொருள்கள் ஆக்குகிறது.

ஒளி என்ன செய்கிறது?

இந்த மூலக்கூறு உயிரணுவின் கொழுப்புச் சவ்வில் தங்கியிருப்பதாகக் கொள்வோம். புற ஊதாக் கதிர் பட்டதும் அது அந்த ஆற்றலை விழுங்குகிறது. விழுங்கிய ஆற்றலைத் தன்னிடம் வைத்துக்கொள்ள அதனால் இயலாது; அருகில் உள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றுகிறது. நாம் சுவாசிக்கும் அமைதியான ஆக்சிஜன், அந்த ஆற்றலைப் பெற்றதும் 'ஒற்றைநிலை ஆக்சிஜன்' என்னும் மூர்க்கமான வடிவை அடைகிறது. அது ஒரு விநாடியின் மிகச் சிறிய பகுதிக்குள் மறைந்துவிடும். அதற்குள் அருகில் உள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்கிச் சிதைத்துவிடும்.

ஆற்றலைக் கைமாற்றிய மூலக்கூறு அழிவதில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது. அது ஒரு தரகரைப் போன்றது. ஒரு பேரத்தை முடித்துவிட்டு அடுத்த பேரத்திற்கு ஆயத்தமாகிறது. மீண்டும் ஒளி பட, மீண்டும் ஆற்றல் கைமாறுகிறது. ஆகவே மிகச் சிறிய அளவு மாசும், போதிய வெயில் இருந்தால், பெருங்கேடு செய்ய வல்லது.

ஒளியின் இச்செயலை மருத்துவ உலகம் நூறாண்டுக்கும் மேலாக அறியும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹெர்மன் ஃபான் தப்பைனர் என்னும் பேராசிரியரிடம் பயின்ற ஆஸ்கார் ராப் என்ற மாணவர், அக்ரிடின் என்னும் பொருளைப் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரியின் மீது சோதித்தார். அக்ரிடின் நிலக்கரித் தாரிலிருந்து கிடைப்பது. ஒரே அளவு அக்ரிடின் ஒரு நாள் உயிரிகளை விரைவில் கொன்றது. வேறொரு நாள் கொல்லவில்லை. வேறுபாடு மருந்தின் அளவில் இல்லை, அறையில் விழுந்த வெளிச்சத்தில் இருந்தது என்பதை அவர் கண்டறிந்து 1900இல் வெளியிட்டார். இன்று சில தோல் புற்றுநோய்களுக்கு அளிக்கப்படும் ஒளியியக்கச் சிகிச்சையின் வேர் இந்தக் கண்டுபிடிப்பில் உள்ளது.

மட்டிக்குள் நிகழ்வது

மட்டி, சிப்பி, ஆளி ஆகியவை கடல்நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் நுண்பாசிகளை வடிகட்டி உண்பவை. நன்கு வளர்ந்த ஓர் ஆளி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட நீரை வடிகட்ட வல்லது. நீரில் கரைந்தும் மண்துகளில் ஒட்டியும் வரும் எண்ணெய்ப் பொருள்கள் அதன் கொழுப்பில் சேர்கின்றன. மீனும் நண்டும் இப்பொருள்களை ஓரளவு சிதைத்து வெளியேற்றும் நொதிகளைப் பெற்றுள்ளன. மட்டி இனத்தில் அந்த ஆற்றல் மிகக் குறைவு. எனவே நீரில் உள்ளதைவிடப் பன்மடங்கு மாசு அதன் தசையில் திரள்கிறது. இப்பண்பையே ஒரு கருவியாக்கி, கடலின் மாசை அறிய ஆளிகளைச் சோதிக்கும் 'ஆளிக் கண்காணிப்பு' முறையை எட்வர்ட் கோல்ட்பர்க் என்னும் அமெரிக்க அறிவியலாளர் 1975இல் முன்மொழிந்தார்.

ஆயினும் முதிர்ந்த மட்டிக்கு வெயில் நேரடியாகப் பெருந்தீங்கு செய்வதில்லை. அதன் கெட்டியான ஓடு ஒளியைத் தடுக்கிறது. பல மட்டிகள் மணலுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் புதைந்து வாழ்கின்றன. ஆபத்து அதன் குழந்தைப் பருவத்தில் உள்ளது. மட்டியின் முட்டைகளும், அவற்றிலிருந்து வெளிவரும் லார்வா என்னும் இளம் உயிர்களும் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல் கொண்டவை. அவை நிலத்தில் ஒட்டிக்கொள்வதற்கு முன் இரண்டு மூன்று வாரங்கள் நீரில் மிதந்து திரிகின்றன. எண்ணெய்ப் படலமும் கடலின் மேற்பரப்பிலேயே மிதக்கிறது. வெயிலும் அங்கேதான் கடுமையாக விழுகிறது. மென்மையான உயிர், மாசு, ஒளி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

நிழலுக்கும் வெயிலுக்கும் உள்ள வேறுபாட்டை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை தெளிவாகக் காட்டியது. திறந்தவெளி நீர்த்தடத்தில் ஆந்த்ரசீன் கலந்த நீரில் நன்னீர் மீன்கள் விடப்பட்டன. வெயில் பட்ட பகுதியில் இருந்த மீன்கள் இறந்தன. அதே நீரில் நிழலில் இருந்தவை பிழைத்தன. இருவகை மீன்களுக்கும் கிடைத்த நஞ்சு ஒன்றே. கிடைத்த ஒளி மட்டுமே வேறு.

மெக்சிகோ வளைகுடா கற்பித்த பாடம்

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கடலடிக் கிணற்றிலிருந்து 87 நாள்கள் எண்ணெய் வெளியேறியது. அது வசந்தமும் கோடையும் சேர்ந்த காலம். அந்த வளைகுடாவில் சிப்பிகளும் நண்டுகளும் பல மீன்களும் இனப்பெருக்கம் செய்யும் காலமும் அதுவே.

தொடர்ந்து நடந்த சேத மதிப்பீட்டில், எண்ணெயின் நச்சுத்தன்மையை ஆய்வகத்தின் சாதாரண விளக்கொளியிலும் புற ஊதாக் கதிரொளியிலும் தனித்தனியே அளந்தனர். 2016இல் வெளியான அந்த மதிப்பீட்டின்படி, புற ஊதாக் கதிரும் சேரும்போது எண்ணெயின் நச்சுமை ஏறத்தாழ 10 முதல் 100 மடங்கு வரை உயர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய எண்ணெய்ப் படலமும் இளம் உயிர்களுக்குக் கேடு செய்யப் போதுமானது.

இதிலிருந்து பெறும் பாடம் மருத்துவத்திற்கும் பொருந்தும். ஒரு பொருளின் நஞ்சு அதன் அளவில் மட்டும் இல்லை. அது எந்தச் சூழலில், எதனுடன் சேர்கிறது என்பதிலும் உள்ளது. இருட்டறையில் அளந்த பாதுகாப்பு எல்லை, நண்பகல் வெயிலில் பாதுகாப்பு எல்லையாக இருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் வெயில் எதையும் தூய்மை செய்யாதா?

செய்கிறது. ஒளி இருமுனைக் கத்தி. எண்ணெயின் பல கூறுகளை அது நாளடைவில் சிதைக்கிறது. சிதையும் வழியில் தோன்றும் சில இடைப்பொருள்கள் நீரில் எளிதாகக் கரைந்து புதிய தொல்லை தருகின்றன. பாதரசத்தின் கொடிய வடிவான மெத்தில் பாதரசத்தைத் தெளிந்த நீரின் மேற்பரப்பில் கதிரொளி சிதைக்கிறது என்பதும் உண்மையே. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவிலிருந்து மீனிலும் சிப்பியிலும் சேர்ந்து, அவற்றை உண்டோரின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்த நஞ்சு இதுதான். அந்நோய் முறையாகப் பதிவானது 1956இல்.

ஆனால் ஒளியின் இந்த நற்செயல் நீருக்குரியது, தசைக்குரியது அன்று. மட்டியின் தசையில் புகுந்துவிட்ட மெத்தில் பாதரசத்தை வெயில் எட்டுவதில்லை. கலங்கிய கரையோர நீரில் புற ஊதாக் கதிர் ஆழமாக ஊடுருவுவதும் இல்லை. காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களின் நிலை இன்னும் தெளிவானது. அவை தனிமங்கள். தனிமத்தை ஒளியாலும் நெருப்பாலும் வேறொன்றாகச் சிதைக்க முடியாது.

நம் தட்டுக்கு வருவது எது?

ஒளியால் எழுந்த மூர்க்கமான ஆக்சிஜன் கணத்தில் மறைந்துவிடுவதால் அது நம் தட்டு வரை வருவதில்லை. நம் குடலுக்குள் வெளிச்சமும் இல்லை. ஆகவே வெயில் பட்ட மட்டியை உண்டதனாலேயே வயிற்றில் ஒளிநச்சு உண்டாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

வருவது மாசுப் பொருளே. எண்ணெய் கலந்த இடத்தில் பிடித்த மட்டியில் பென்சோபைரீன் போன்றவை இருக்கலாம். நம் கல்லீரல் அதனை வெளியேற்றுவதற்காக மாற்றும்போது தோன்றும் ஓர் இடைப்பொருள் மரபணுவோடு ஒட்டிக்கொள்ள வல்லது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பென்சோபைரீனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோ மட்டித் தசையில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என வரம்பு விதித்துள்ளது. ஒருமுறை உண்டதால் நோய் வந்துவிடாது. மாசுபட்ட ஒரே இடத்தின் மட்டியை ஆண்டுக்கணக்கில் உண்பதே கவலைக்குரியது.

நம் தோலிலும் அதே வினை

2017 ஜனவரி 28 அன்று சென்னையை அடுத்த எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதின. கரையொதுங்கிய எண்ணெயைத் தன்னார்வலர்களும் மீனவர்களும் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் கலந்தது. இத்தகைய இடங்களில் வெறுங்கையோடு பணிபுரிவோரும், கழிமுகச் சேற்றில் கைவிட்டு மட்டி பொறுக்குவோரும் அறிய வேண்டிய செய்தி இது. எண்ணெயோ தாரோ படிந்த தோலில் வெயில் பட்டால் சில நிமிடங்களிலேயே சுரீரென்ற எரிச்சல் தோன்றலாம். பின்னர் சிவந்து, வீங்கி, கொப்புளமாகலாம். தார்ச்சாலை அமைக்கும் தொழிலாளர்களிடம் இது நெடுங்காலமாக அறியப்பட்டது.

இதே தாரும் ஒளியும் மருத்துவரின் கையில் மருந்தும் ஆயின. வில்லியம் கெக்கர்மேன் என்னும் அமெரிக்கத் தோல் மருத்துவர் 1925இல் சொரியாசிஸ் நோய்க்கு நிலக்கரித் தாரைப் பூசிப் புற ஊதாக் கதிரைச் செலுத்தும் சிகிச்சையை அறிமுகப்படுத்தினார். அளவும் நேரமும் மருத்துவரின் கட்டுப்பாட்டில் இருந்தால் மருந்து. கட்டுப்பாடின்றி நேர்ந்தால் காயம்.

எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோலில் கருந்தழும்பு விழுவதும் இத்தகையதே. டாக்சிசைக்கிளின், ஹைட்ரோகுளோரோதையசைட், அமியோடரோன், வோரிகோனசோல், பைராக்சிகாம் போன்ற மருந்துகளை உட்கொள்வோரில் சிலருக்கு வெயில் பட்ட முகம், கழுத்து, புறங்கை ஆகிய இடங்களில் மட்டும் தோல் சிவந்து எரிவதும் இவ்வகையே. சட்டை மறைத்த இடம் தப்பித்துவிடும். அந்த எல்லைக்கோடுதான் நோயை அறிய மருத்துவருக்கு உதவும் தடயம்.

உடனிருப்போர் கேட்கும் வினாக்கள்

*கருவாடாக உலர்த்தினால் எண்ணெய் மாசு நீங்கிவிடுமா?*
நீங்காது. உலரும்போது நீர் வெளியேறுவதால் எடைக்கு எடை பார்த்தால் மாசின் செறிவு கூடவே செய்யும். புகையில் உலர்த்தினால் புகையில் உள்ள அதே வேதிக் குடும்பமும் மேலாகச் சேரும்.

*நன்றாகக் கொதிக்க வைத்தால்?*
கிருமிகள் அழியும், அதற்காகவே கட்டாயம் நன்கு வேகவைக்க வேண்டும். ஆனால் எண்ணெய் மாசும் உலோகமும் கொதிநீரால் அழிவதில்லை.

*இரவெல்லாம் நல்ல நீரில் போட்டு வைத்தால்?*
மணல் வெளியேறும். எண்ணெய் மாசு குறைய, உயிருள்ள மட்டி தூய கடல்நீரில் பல நாள்கள் முதல் சில வாரங்கள் வரை வாழ வேண்டும். வீட்டுப் பாத்திரத்தில் அது நடவாது.

*வாடையை வைத்து அறியலாமா?*
மண்ணெண்ணெய் போன்ற வாடை வீசினால் உறுதியாக ஒதுக்குங்கள். வாடை இல்லை என்பதற்காக மாசு இல்லை என்று முடிவு செய்யலாகாது. எண்ணெய்க் கசிவுக்குப் பின் பயிற்சி பெற்றோர் முகர்ந்து பார்ப்பதோடு ஆய்வகச் சோதனையும் செய்வது இதனால்தான். அரசின் மீன்வளத் துறை தடை அறிவித்த இடத்து மட்டியையும், துறைமுகம், ஆலைக் கழிவுநீர் வாய், சாக்கடைக் கழிமுகம் ஆகிய இடங்களில் பொறுக்கிய மட்டியையும் தவிர்த்துவிடுங்கள்.

*கர்ப்பிணிகளும் நோயாளிகளும் உண்ணலாமா?*
ஒவ்வாமை இல்லாத கர்ப்பிணிகள் நல்ல இடத்தில் கிடைத்த இறால், நண்டு, மட்டியை நன்கு வேகவைத்து அளவோடு உண்ணலாம். இவற்றில் பாதரசம் பெரிய மீன்களைவிடப் பொதுவாகக் குறைவு. புரதமும் துத்தநாகமும் பி12 உயிர்ச்சத்தும் கிடைக்கும். சிறுநீரக நோயாளிகள் நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் கூழை உண்ண வேண்டாம். காட்மியம் அங்கே அதிகம் திரளும், அது தங்கித் தீங்கு செய்யும் உறுப்பும் சிறுநீரகமே. கல்லீரல் நோய் உள்ளோரும், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோரும் பச்சையான அல்லது அரைவேக்காட்டுச் சிப்பியை அறவே தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு அதிலுள்ள விப்ரியோ கிருமி உயிருக்கே ஆபத்தாகலாம்.

*வெயில் ஒவ்வாத மாத்திரையை நிறுத்திவிடலாமா?*
தாமாக நிறுத்தாதீர்கள். இதய நோய்க்கோ தொற்றுக்கோ அளித்த மருந்தை நிறுத்துவது தோல் எரிச்சலைவிடப் பெரிய ஆபத்து. மருத்துவரிடம் கூறினால் மருந்தை மாற்றவோ, உட்கொள்ளும் முறையை மாற்றவோ வழி காண்பார். அதுவரை காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலைத் தவிருங்கள். முழுக்கைச் சட்டை, குடை, அகன்ற விளிம்புத் தொப்பி பயன்படுத்துங்கள். புற ஊதாக் கதிரின் ஒரு பகுதி சன்னல் கண்ணாடியையும் ஊடுருவும் என்பதால் பேருந்தில் வெயில் விழாத பக்கம் அமருங்கள்.

*எண்ணெயோ தாரோ தோலில் பட்டுவிட்டால்?*
முதலில் நிழலுக்கு வாருங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவற்றால் துடைக்காதீர்கள். அவை தோலைப் புண்ணாக்கி மாசு மேலும் உட்புக இடம் தரும். தேங்காய் எண்ணெய் போன்ற சமையல் எண்ணெயைத் தடவி மென்துணியால் துடைத்து, பின்பு சோப்பு நீரால் கழுவுங்கள். கழுவிய பின்னும் ஓரிரு நாள் அந்த இடத்தில் வெயில் படாமல் மூடி வையுங்கள். கொப்புளம் எழுந்தால் உடைக்காமல் மருத்துவரிடம் வாருங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, வீட்டில் உள்ள மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள். உட்கொள்ளும் மாத்திரைகளோடு சேர்த்து இரண்டு செய்திகளையும் கூறுங்கள்: நாள்தோறும் எவ்வளவு நேரம் வெயிலில் இருக்கிறீர்கள், என்ன தொழில் செய்கிறீர்கள். வெயிலில் உழைப்பவர் என்று தெரிந்தால், அதற்கேற்ற மருந்தை முதலிலேயே தேர்ந்தெடுக்க எங்களால் இயலும்.